ஆள்காட்டி

உடல் முழுசாக வருவது அபூர்வம்.
எஞ்சின் விசிறியில் ஒட்டிய ஈரத்தைத்
துணியால் ஒற்றியெடுத்து
ஜிப் பையில் போட்டுக் கொண்டுவருவார் பிரதமேஷ்.
மேலே விமான எண், ஓடுபாதை, நேரம்.
உள்ளே இரண்டு இறகு, சில நாள் அரை இறகு.
பைலட்டின் அறிக்கையில் எப்போதும் ஒரே இனம்தான்:
பெரிய பறவை.

என் படிவத்தில் கட்டங்கள் அதிகம்.
இனம். வாழிடம். உணவு.

சோப்புத் தண்ணீரில் அலசி
ஹேர் டிரையரில் காயவைத்தால்
பசைபோலக் கிடந்தது இறகாக எழும்பும்.
முன்விளிம்பில் சீப்புப் பல் தெரிந்தால் கூகை.
எலிக்குத் தன் வருகை கேட்காமலிருக்க அணிந்தது,
ஜெட் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது.
வெள்ளையில் துருமஞ்சள் தொட்டிருந்தால் உண்ணிக்கொக்கு,
ஜூன் என்று தேதி பார்க்காமலே சொல்லிவிடலாம்.
கம்பியாக நீண்ட ஓரத்து வாலிறகு, நடுவே வெள்ளைப் பொட்டு:
தகைவிலான்.
எத்தனையோ மலை தாண்டி வந்து
மித்தி ஆற்றுக் கொசுவுக்காகத் தாழப் பறந்தது.

புல்லை ஒட்ட வெட்டினால் வெட்டுக்கிளி வெளியே தெரிகிறது,
வளரவிட்டால் எலி.
பறவை வரக்கூடாதென்று போடும் கூட்டத்தில்
இரண்டு வருடமாகப் புல்லின் உயரத்தை
அங்குலத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.
முதல் மழைக்கு ஈசல் கிளம்பிய மாலை
பருந்துகள் காலால் பிடித்துப்
பறந்தபடியே வாய்க்குக் கொண்டுபோனதைக்
கூட்டக் குறிப்பில் யாரும் எழுதவில்லை.
எல்லாரும் ஜன்னலோரம்தான் நின்றோம்.

செவ்வாய்க்கிழமை வந்தது முக்கால் உடம்பு.
வாலை விரித்தேன், நடுவில் பள்ளம்.
தலையில் வெள்ளையில்லை, ஆக செம்பருந்தில்லை.
கரும்பருந்து, எழுதினேன்.
தீனிப்பையைக் கீறினால்
கோழிக்குடல், செரிக்காத ஒரு நகம்,
விரல் நீளத்துக்கு நீல நைலான் கயிறு.

அந்தக் கயிறு எனக்குத் தெரியும்.
ஜரிமரியில் எங்கள் சந்துமுனையில்
கய்யூம் அரைக்கிலோ கட்டித்தரும் கயிறு.
என் கறிவேப்பிலைத் தொட்டியை
ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பதும் அதுதான்.
கடை சாத்துமுன் கழிவைத் தகரக் கூரைமேல் எறிவான்,
வெள்ளிக்கிழமையானால் கொஞ்சம் நல்ல கறியும்.
மகனுக்குக் காய்ச்சல் விட்டதிலிருந்து அப்படி.
கூரைக்குமேல் பருந்து,
பருந்துக்குமேல் கோவா போகும் விமானம்,
மூன்றும் ஒரே கோட்டில் வருவதைக்
காய்ந்த துணி எடுக்கும்போது பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் நாலாவது கட்டம் ஒன்று உண்டு.
ஈர்க்கும் பொருளின் மூலம்:
பெயர், விலாசம்.

மறுநாள் ஓடுபாதை ஓரம் ஜீப்பிலிருந்து இறங்கியதும்
ஆள்காட்டி தொடங்கிவிட்டது.
மூக்கடியில் சிவப்புச் சதை, மஞ்சள் கால்,
சரளையில் எங்கோ சரளை நிறத்தில் நாலு முட்டை.
தலைக்குமேல் சுற்றிச் சுற்றி
இதோ இவள் இதோ இவள் என்று
விமான நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டது.
அதன் தமிழ்ப் பெயருக்கு அர்த்தம் சொன்னேன்.
மராத்தியில் டிட்வி, வெறும் சத்தம்தான்
என்று சிரித்தார் பிரதமேஷ்.
நாங்கள்தான் அதற்கு உத்தியோகம் கொடுத்திருக்கிறோம்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
மூடி போட்ட டிரம் ஒன்று வாங்கி வையேன் என்றேன்.
கத்தியைத் துடைத்துக்கொண்டே
மேலே இருப்பவர்களுக்கு அப்புறம் யார் போடுவது
என்று கேட்டான் கய்யூம்.
பிறகு, தோலோடா, இல்லாமலா?
இல்லாமல், என்றேன்.
நீலக் கயிற்றால் கட்டித் தந்தான்.
கூரைமேல் பன்னிரண்டு.
ஒன்றின் இடது சிறகில் இரண்டு இறகு
புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிறது.
பையில் வந்தால் அதை எனக்கு அடையாளம் தெரியும்.

நாலாவது கட்டத்தை நிரப்பிவிட்டேன்,
பென்சிலால்.
கறுப்பு மையில் மட்டும் எழுதவும் என்று
படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறது.